நரம்புல ஓடுறது கரண்டா சார்? சுங்கை சிப்புட் வியாழன் வகுப்பில் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய எங்கள் தாமானில், வியாழக்கிழமை இரவுகளில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றி வருகிறவர்கள் வாசலில் காத்திருப்பது வழக்கம். நரம்பு மண்டலப் பாடம் நடந்த மாதம் மழை விடவில்லை. எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், மருந்து அடித்த அம்மாமார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வியெல்லாம் அவர்களிடம் இருந்தன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வாத்தியார், டாக்டர் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.

நரம்பில் ஓடுவது வீட்டுக்கு வருகிற அதே கரண்டுதானா?

மின்சாரம்தான். ஆனால் கம்பியில் ஓடுகிற மாதிரி அது ஓடுவதில்லை. படிவம் 5 பிள்ளைகளே இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

செம்புக் கம்பியில் நகர்வது எலக்ட்ரான். கம்பியின் நீளத்துக்கு நகரும். நரம்பில் நகர்வது அயனி. உப்பைத் தண்ணீரில் கரைத்தால் சோடியமும் குளோரைடும் மின்னேற்றத்தோடு பிரிகின்றனவே, அந்த மாதிரித் துகள். முக்கியமான நகர்வும் நீளவாக்கில் இல்லை. நரம்பு இழையின் சுவருக்குக் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே. அப்படியானால் செய்தி மட்டும் எப்படிக் காலிலிருந்து தலைக்குப் போகிறது?

என் அப்பா பால் வெட்டிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பால் எடுக்கும் நேரம் வந்ததும் மண்டோர் மேட்டிலிருந்து குரல் கொடுப்பார். அவர் தொண்டை இருபது நிரைக்கு எட்டாது. முதல் நிரையில் கேட்டவர் தன் தொண்டையால் அடுத்த நிரைக்குக் கத்துவார். அவர் குரல் கேட்டு அதற்கடுத்தவர். கடைசி நிரையில் கேட்கும் குரல் மண்டோருடையது இல்லை; ஆனாலும் சத்தம் குறையாது. ஆளும் நகரவில்லை, சேதி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. நரம்பு இழையின் ஒவ்வொரு துண்டும் இப்படிப் பக்கத்துத் துண்டின் சத்தம் கேட்டுத் தானே புதிதாகக் கத்துகிறது. கால் கட்டை விரலிலிருந்து கிளம்பிய துடிப்பு, முதுகுத்தண்டை எட்டும்போதும் அதே அளவு இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் பேட்டரி எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு நரம்பு செல்லின் தோலும் (சவ்வு என்பார்கள்) ஒரு பேட்டரி. செல்லுக்கு வெளியே சோடியம் உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்கு. உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல முப்பது மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததில்லை. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் பம்பு மாதிரி வேலை செய்து, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டின் நரம்பை வைத்து 1957-இல் இந்தப் பம்பைக் கண்டுபிடித்தார். 1997-இல்தான் நோபல் பரிசு வந்தது.

பொட்டாசியம் உள்ளே அதிகம் இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. போகும்போது நேர்மின்னேற்றத்தையும் எடுத்துப் போய்விடுகிறது. அதனால் உட்புறம் எதிர்மின்னாக நிற்கிறது; சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். டார்ச்லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய சுவருக்கு இரு புறமும் 70 மில்லிவோல்ட் என்றால், கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் அளவு மின்புலம். சவ்வில் உள்ள புரதங்களை அசைத்துத் திறக்க அது போதும்.

உரம் போட்ட தாத்தா ஒருவர் கேட்டார்: "செம்பனைக்குப் போடுற பொட்டாஷும் இதுவும் ஒண்ணா?" ஒன்றுதான் தாத்தா. மூட்டையில் வரும் அந்தச் சிவப்பு உரம் பொட்டாசியம் குளோரைடு. கிட்னி பழுதானவர்களிடம் வாழைப்பழமும் இளநீரும் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொல்வதும் இதே பொட்டாசியத்துக்காகத்தான். இரத்தத்தில் அது கூடினால் மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு குறைந்துவிடும். நரம்பைவிட முதலில் ஆபத்து இதயத்துக்கு. அதுவும் இதே முறையில்தான் துடிக்கிறது.

சேதி கிளம்புவது எப்படி?

சவ்வில் சோடியத்துக்கென்று தனிக் கதவுகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை மூடியிருக்கும். ஏதோ ஒன்று, உதாரணமாகக் காலில் முள் குத்தியது, உட்புற மின்னழுத்தத்தை மைனஸ் 70-இலிருந்து மைனஸ் 55 வரை கொண்டு வந்துவிட்டால் கதவுகள் திறந்துகொள்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. உள்ளே பாய்ந்ததால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. அதனால் இன்னும் கதவுகள் திறக்கின்றன. கண் இமைக்கும் நேரம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் உட்புறம் பிளஸ் 30, 40 மில்லிவோல்ட் வரை தாவிவிடும். அதற்குள் சோடியக் கதவு தானே அடைத்துக்கொள்கிறது. பொட்டாசியக் கதவு மெதுவாகத் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்புகிறது. பாய்ந்த சோடியம் பக்கத்துத் துண்டை மைனஸ் 55-க்குத் தள்ளியிருக்கும். அங்கே அடுத்த குரல்.

இதை எண்ணும் கணக்குமாக நிறுவியவர்கள் இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி. அவர்கள் பயன்படுத்தியது கணவாய் மீனின் நரம்பு. நம் பசாரில் சோத்தோங் என்று வாங்குகிறோமே, அந்த இனம்தான். அதன் உடலில் ஒரு நரம்பு இழை ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். உள்ளே கம்பி நுழைத்து அளக்கலாம். மனித நரம்பிழையில் அது முடியாத காரியம். 1952-இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகளைத்தான் இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துகின்றன. கணக்கு முழுவதும் கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி போட்டது. நோபல் 1963-இல். சோத்தோங் சம்பல் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது.

ஒவ்வொரு துடிப்புக்கும் பம்பு வேலை செய்ய வேண்டுமா?

உடனே வேண்டியதில்லை. ஒரு துடிப்புக்குக் கதவு தாண்டும் அயனிகள் மிகச் சொற்பம். பம்பை விஷம் வைத்து நிறுத்திய பிறகும் கணவாயின் தடித்த நரம்பு ஆயிரக்கணக்கான துடிப்புகள் துடித்திருக்கிறது. ஆனால் பம்பு என்றைக்கும் ஓய முடியாது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சேதி பாதி வழியில் திரும்பி வராதா?

வராது. கத்தி முடித்தவனுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டுமல்லவா? அடைத்துக்கொண்ட சோடியக் கதவு ஓரிரு மில்லிவினாடிக்கு மறுபடி திறக்காது. அதற்குள் துடிப்பு முன்னால் போயிருக்கும்.

பலமாக அடிபட்டால் பெரிய துடிப்பும், மெதுவாகத் தொட்டால் சின்னத் துடிப்புமா?

எல்லாத் துடிப்பும் ஒரே உயரம். ஒன்று முழுதாக எழும், இல்லாவிட்டால் எழவே எழாது. வலியின் அளவை மூளை தெரிந்துகொள்வது எண்ணிக்கையை வைத்து: ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு, எத்தனை இழைகளில். மெல்லிய தொடுதலுக்குச் சில; பலத்த அழுத்தத்துக்கு வினாடிக்கு நூற்றுக்கணக்கில் வரலாம். தேர்வில் துடிப்பின் உயரம் கூடும் என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் இந்த வகுப்பில் மூன்று பேர், பெயர் சொல்லவில்லை.

எவ்வளவு வேகமாகப் போகும்?

1850 வரை பெரிய அறிஞர்கள்கூட, இதை அளக்கவே முடியாது, ஒளியின் வேகத்துக்கு நிகராக இருக்கும் என்று நினைத்தார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பை எடுத்து, தசைக்கு அருகில் ஒரு தடவையும் தள்ளி ஒரு தடவையும் தூண்டி, இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைப் பிடித்தார். வினாடிக்கு 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு! மோட்டார் சைக்கிளை நெடுஞ்சாலையில் முறுக்கினால் எட்டிவிடும் வேகம்.

மனிதனில் மிக வேகமான இழைகள் வினாடிக்கு 120 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 430 கிலோமீட்டர். நம் ஊர் வழியாகப் போகும் இ.டி.எஸ். ரயில் 140-தான். மிக மெதுவானவை வினாடிக்கு ஒரு மீட்டர். ஆள் நடக்கும் வேகம். இரண்டும் ஒரே காலில் இருக்கின்றன. இருட்டில் நடந்து போய் கட்டை விரலைப் படிக்கட்டில் இடித்துக்கொண்டால், முதலில் சுரீர் என்று ஒரு வலி. "அப்பாடா, அவ்வளவு இல்லை" என்று நினைக்கும்போது, ஒரு வினாடி கழித்து விண்விண் என்று அடுத்தது வந்து சேரும். முதலாவது உறை போட்ட இழையில் வந்தது. இரண்டாவது உறையில்லாத இழையில் நடந்து வந்தது.

உறையா? அது என்ன உறை?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. பதிலில் நம் மண்ணும் வருகிறது.

நரம்பிழையைச் சுற்றி வேறு செல்கள் பாய் சுருட்டியது போலக் கொழுப்புச் சவ்வைச் சுற்றி வைக்கின்றன. மயலின் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுற்றிவிட்டு, ஒரு பொட்டு இடைவெளி விட்டு, மறுபடி சுற்றும். இடைவெளிக்கு ரான்வியர் கணு என்று பெயர். கரும்புக் கணு மாதிரிதான். கதவுகள் எல்லாம் கணுவில் குவிந்திருக்கின்றன. உறை மூடிய தூரத்தில் மின்சாரம் கசியாமல் சட்டென்று கடந்துவிடும். கணுவில் மட்டும் புதிதாகக் கத்தினால் போதும். நிரைக்கு நிரை கத்தாமல் பத்து நிரைக்கு ஒருவர் கத்துவது போல.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வேகத்துக்கு ஒரே வழி இழையைத் தடிப்பாக்குவது. கணவாய் அந்த வழியில் போனது. ஒரு மில்லிமீட்டர் தடித்தும் அதற்குக் கிடைத்தது வினாடிக்கு இருபத்தைந்து மீட்டர் அளவுதான். நம் உறை போட்ட இழை அதில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன். வேகமோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் கண் நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் இருக்கின்றன. அத்தனையும் கணவாய் இழை மாதிரி இருந்தால் கண் நரம்பு ஒன்றே ஒரு மீட்டர் அகலம் வரும். தலை எங்கே வைப்பது?

இப்போது மண்ணின் கதை. 1843-இல் சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மாண்ட்கோமரி என்ற டாக்டர், இங்குள்ள காட்டு மரம் ஒன்றின் பாலை லண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் கெத்தா தாபான் என்பார்கள். கித்தா என்று நாம் சொல்வது அந்த 'கெத்தா'தான். ஆனால் இது பால் வெட்டும் கித்தா மரம் இல்லை, வேறு மரம். அதன் பால் இறுகினால் கடல் நீரிலும் கெடாது, மின்சாரத்தையும் கசிய விடாது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுக்க வேண்டும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மலாயாக் காடுகளில் தாபான் மரம் அருகிவிட்டது.

நீளக் கம்பியில் தந்தி மங்கிப் போவது ஏன் என்று வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1855-இல் கணக்குப் போட்டார். கம்பி எவ்வளவு தடுக்கும், உறை எவ்வளவு மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும், எவ்வளவு கசிய விடும் என்ற கணக்கு. அதே கணக்கை நரம்பிழைக்குப் போட்டுப் பார்த்தபோது பொருந்தியது. 1946-இல் மேலே சொன்ன ஹாட்ஜ்கினும், ரஷ்டன் என்பவரும் சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) நரம்பில் அதை அளந்து காட்டினார்கள். நம் பக்கத்துக் காட்டுக் கித்தாவைச் சுற்றிய கம்பிக்கு எழுதின கணக்கு, இன்று நரம்பியல் மாணவர்களின் பாடம்.

ஒரு நரம்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் என்ன நடக்கும்?

அங்கே மின்சாரம் பெரும்பாலும் நின்றுவிடும். நடுவில் ஒரு இடைவெளி. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு. துடிப்பு கரைக்கு வந்ததும் கால்சியம் உள்ளே நுழையும். நுழைந்ததும் நுனியில் உள்ள குட்டிப் பைகள் உடைந்து ஒரு வேதிப்பொருளைக் கொட்டும். எதிர்க்கரையில் அதற்கென்று உள்ள பூட்டில் அது போய் உட்கார்ந்தால், அங்கே சோடியம் பாய்ந்து புதுத் துடிப்பு கிளம்பும். ஆறு வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டுச் சம்பானில் ஏறிக் கடந்து, அக்கரையில் மறுபடி கூவுவது மாதிரி.

வேதிப்பொருள்தான் கடத்துகிறது என்று 1921-இல் காட்டியவர் ஓட்டோ லோவி. சோதனை அவருக்குக் கனவில் வந்தது. நடு இரவில் எழுந்து காகிதத்தில் கிறுக்கினார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு. இந்தத் தடவை எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதைத் தளர வைத்தார். அது மிதந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். நம் கை கால் தசைகளுக்கு நரம்பு கொடுக்கும் உத்தரவும் இதே பொருளில்தான்.

மருந்து அடித்துவிட்டு வந்தால் எச்சில் வழிகிறது, கண் மங்குகிறது. ஏன்?

இதைக் கேட்ட அக்கா, முன்பு தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் பம்பை முதுகில் சுமந்தவர். அன்றைக்கு வகுப்பு பாதி நேரம் இதிலேயே போனது. போனதில் வருத்தமில்லை.

அசிட்டைல்கோலின் பூட்டில் உட்கார்ந்தே இருந்தால் தசை இறுகியே இருக்கும். அதனால் அக்கரையில் ஒரு நொதி காத்திருந்து, வந்ததை உடனே நறுக்கிவிடும். ஒரே ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் நறுக்கும். மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ், மெத்தாமிடோபாஸ், அசிபேட் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் இந்த நொதியின் கையைக் கட்டிப் போடுகின்றன. செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு மரத்தில் துளை போட்டு ஊற்றுகிறார்களே, அதிலும் இந்த வகை மருந்து உண்டு. நறுக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் குவிகிறது. எச்சில், கண்ணீர், வேர்வை, வயிற்றுப்போக்கு, கண் பாவை ஊசித் துளையளவு சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு. பூச்சிக்கும் நமக்கும் ஒரே பூட்டு, ஒரே நொதி.

இப்படி ஆனால் உடையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 999-ஐ அழையுங்கள். மருந்துக் குப்பியின் லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் அட்ரோபின் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க அது உதவும். மோர் குடித்தால் முறிந்துவிடும் என்பதை நம்பி வீட்டில் படுத்துக்கொள்ளாதீர்கள்.

பாராகுவாட்டும் இதே வகையா என்று இன்னொருவர் கேட்டார். இல்லை, அது களைக்கொல்லி. உள்ளே போனால் முதலில் அழிப்பது நுரையீரலை. 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் அதற்குத் தடை.

கொசுவர்த்தி?

அதில் உள்ள பைரெத்ராய்டு கொசுவின் சோடியக் கதவை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் கத்தித் தளர்ந்து கொசு விழுகிறது. நம் உடல் அந்தப் பொருளைச் சீக்கிரம் சிதைத்துவிடுவதாலும் உடல் சூடு அதிகம் என்பதாலும் நமக்கு அவ்வளவு ஏறுவதில்லை. அதற்காகத் தொட்டில் அடியில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

பாம்பு கடித்தால் முதலில் இமை தொங்குவது ஏன்?

நாகம், ராஜ நாகம், கட்டுவிரியன் இவற்றின் விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள பூட்டை அடைக்கிறது. அசிட்டைல்கோலின் வந்தாலும் உட்கார இடமில்லை. நரம்பு கத்துகிறது, தசைக்குக் கேட்கவில்லை. கண்ணையும் இமையையும் அசைக்கும் சிறு தசைகளில் அது முதலில் தெரியும். பிறகு விழுங்க முடியாது, பேச்சு குழறும். மூச்சுத் தசை நின்றால் உயிர் போகும். நினைவு தெளிவாக இருக்கும், அசைய முடியாது. கட்டுவிரியன் கடி வலிக்கவே வலிக்காமல் இருக்கலாம். எறும்புக் கடி என்று நினைத்துத் தூங்கப் போகிறவர்கள் உண்டு.

கீறி விடுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைபட்ட பூட்டு விலகும் வரை இயந்திரத்தில் மூச்சுக் கொடுத்தே ஆளைக் காப்பாற்றலாம்.

அறிவியலுக்கு இந்த விஷம் உதவியும் இருக்கிறது. 1963-இல் தைவானில் ஆய்வாளர்கள் அங்குள்ள கட்டுவிரியனிலிருந்து ஒரு நச்சைப் பிரித்தெடுத்தார்கள். பூட்டோடு ஒட்டிக்கொண்டு விடாத அந்த நச்சை வைத்துத்தான் பூட்டையே முதன்முதலில் பிடித்து வெளியே எடுத்துப் பார்த்தார்கள்.

எனக்கு இனிப்பு நீர். பாதம் எரிகிறது, ஆனால் முள் குத்தினால் தெரியவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

பாட்டி, இது பலருக்கும் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. நம் இந்தியர்களிடம் இன்னும் கூடுதல்.

சர்க்கரை பல வருடம் கூடியிருந்தால் நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும், நரம்பிழையும் கெடும். முதுகிலிருந்து பாதம் வரை ஒரே செல்லின் இழை, ஒரு மீட்டர் நீளம். அதன் நுனிக்குத் தேவையான சரக்கெல்லாம் முதுகுப் பக்கத்தில் உள்ள செல் உடலிலிருந்தே போக வேண்டும். அதனால் மிக நீளமானவை முதலில் பழுதாகும்: கால் விரல், பாதம், பிறகு மேலே. செத்துப்போன இழை சேதி சொல்லாது. முள் தெரியாமல் போவது அதனால். பாதி கெட்ட இழை காரணமில்லாமல் தானே துடிக்கும், எரிச்சல் அதனால்.

கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். பத்து கிராம் எடைக்கு வளையும் இழை அது. அது தெரியவில்லை என்றால் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். சுடுநீரில் கால் வைக்குமுன் கையை வையுங்கள்.

உணர்ச்சி போனதால் உடல் அழிவது எப்படி என்பதை நம் முன்னோர் பார்த்தது தொழுநோயில். அந்தக் கிருமி நரம்புக்கு உறை சுற்றும் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது. விரல்கள் போவது பெரும்பாலும் கிருமி தின்றதால் இல்லை, சூடும் காயமும் தெரியாமல் போனதால். 1930-இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்புக்கு, தோட்டங்களிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள். இன்று அது மாத்திரையில் குணமாகும் நோய்.

குலை வெட்டும் கழி மின்கம்பியில் பட்டால் ஏன் கையை விட முடிவதில்லை?

வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கை நரம்புகளை மைனஸ் 55 தாண்டித் தள்ளுகிறது. மூளையின் உத்தரவை மீறி வெளியாள் கத்துவது போல. விரலை மடக்கும் தசை, நிமிர்த்தும் தசையைவிட வலுவானது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் பிடி இறுகும். பத்து மில்லிஆம்பியர் தாண்டினாலே பலரால் விட முடியாது. அதைவிடக் கூடினால் மூச்சுத் தசையும், பிறகு இதயத்தின் தாளமும் குலையும். சாலையோர உயர் அழுத்தக் கம்பி என்றால் உடலே வெந்துவிடும்.

அலுமினியக் கழி நீட்டுகிறவர்கள் மேலே பார்த்துவிட்டு நீட்டுங்கள். மரம் வளரும், கம்பி வளராது. போன வருடம் எட்டாத இடம் இந்த வருடம் எட்டும். மாட்டிக்கொண்டவரை ஓடிப் போய்ப் பிடிக்காதீர்கள். உயர் அழுத்தக் கம்பிக்கு மரக் கம்பும் காப்பில்லை. தள்ளி நின்று 999.

பல் பிடுங்குமுன் போடும் ஊசி?

லிக்னோகேய்ன். சோடியக் கதவை உள்பக்கமிருந்து கொஞ்ச நேரம் அடைக்கும். புந்தால் (பேத்தை) மீனின் விஷமும் அதே கதவை வெளிப்பக்கமிருந்து அடைக்கிறது. சமைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. 2023-இல் ஜோகூரில் அந்த மீனைச் சாப்பிட்டு ஒரு வயதான தம்பதி இறந்துபோனார்கள்.

சிலி பாடி கடித்தால் உண்மையில் சுடுகிறதா?

நாக்கு சுடவில்லை. 43 பாகை செல்சியஸுக்கு மேல் திறக்க வேண்டிய சூட்டுக் கதவை மிளகாயின் கேப்சைசின் சூடில்லாமலேயே திறந்துவிடுகிறது. மூளைக்கு வருவது நெருப்புச் சேதிதான். அந்தக் கதவைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. தண்ணீர் குடித்தால் போகாது, அது எண்ணெயில் கரையும் சங்கதி. பாலோ தயிரோ குடியுங்கள். தலைவலித் தைலம் சில்லென்பதும் இதே கூத்து, குளிர்ச்சிக் கதவில்.

சார், வெட்டும்போது கித்தா மரத்துக்கு வலிக்குமா?

படிவம் 1 தங்கச்சி, அண்ணனோடு வந்தவள். எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி.

செடிக்கும் மின் துடிப்பு உண்டு. செம்பனை அடியில் முளைக்கும் தொட்டாச்சிணுங்கியைத் தொட்டால், வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு துடிப்பு காம்பு வழியே போகும். இலை மடங்குவது அது போய்ச் சேர்ந்த பிறகு. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நூறு வருடத்துக்கு முன்பே இதை நுட்பமாக அளந்தார். ஆனால் செடியின் துடிப்பில் நம்மைப் போல் சோடியம் இல்லை; கால்சியம், குளோரைடு, பொட்டாசியம். நரம்பு செல்லும் இல்லை, சேதியைக் கேட்டு வலி என்று உணர ஒரு மூளையும் இல்லை.

வடியும் பால் அதன் கண்ணீரா என்று அவள் மறுபடி கேட்டாள். பட்டையில் உள்ள பால் குழாய்களில் தண்ணீர் ஏறி, விடிகாலையில் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கும். வெட்டியதும் பீறிட்டு மங்கில் சொட்டுகிறது. வெயில் ஏறி இலைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டால் அழுத்தம் இறங்கிவிடும். அவள் தாத்தா ஏன் இருட்டிலேயே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார் என்பதை அவரே பின்வரிசையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் உட்கார்ந்துகொண்டேன்.